ஆடி முடியாத சந்து

தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறுக்கே நிறுத்திக் கேட்க வேண்டியதில்லை. கோர்ட் வாசலில் புங்கமரத்தடியில் டைப் மிஷினைப் போட்டுக்கொண்டு முப்பது வருஷமாக மனுவும் பத்திரமும் அடிக்கிறவன் நான். தேதி என்று வந்தால் இங்கிலீஷ் தேதியைத்தான் போட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தும் அன்றைக்குக் கை அப்படித்தான் போயிற்று.

மதுரையில் எங்கள் கமலைக் கிணற்றுச் சந்தில் ஆறு வீட்டுக் காம்பவுண்டு ஒன்று இருந்தது. அதில் மூன்றாவது வீடு எனக்கு, நான்காவது வீடு வெள்ளத்தாயிக்கு, ஐந்தாவது தச்சு வேலை பார்க்கும் சூசைக்கு. வெள்ளத்தாயி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். கல்யாணமாகி வந்து பால் காய்ச்சிய வீடு அது. புருஷன் போய்ச் சேர்ந்ததும் அதே வீட்டில், மகள் சுகப்பிரியா வயசுக்கு வந்ததும் அதே வீட்டில். ஆக இருபத்தாறு வருஷம், ஒரு துண்டுக் காகிதம் எழுதிக்கொள்ளாமல், வெறும் வாய்வார்த்தையில் குடியிருந்தாள். எங்கள் ஆறு பேருக்குமே அப்படித்தான். ஊருக்கெல்லாம் அக்ரிமெண்ட் அடித்துக் கொடுத்த நான் எனக்கென்று ஒன்று அடித்துக்கொள்ளவில்லை, பாருங்கள் கூத்தை.

வீட்டுக்காரர் ஆவுடையப்பன், ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அவர் சம்சாரம் பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருஷமாகக் கட்டிலோடு கிடந்தது. சொந்தக் காம்பவுண்டை எங்களுக்கு விட்டுவிட்டு அவர் வேறு இடத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார், அந்த மாடிப்படியில் அந்த அம்மாவை நாலு பேர் தூக்கித்தான் இறக்க வேண்டும், அந்த வீட்டுக்காரனோ இவரைக் காலி பண்ணச் சொல்லித் தினமும் தண்ணீர் மோட்டாரை நிறுத்திக்கொண்டிருந்தான். இவருக்குத் தரைத்தளத்தில் ஒரு வீடு வேண்டும், மீதியை விற்று வைத்தியம் பார்க்க வேண்டும், காலி பண்ணச் சொல்லிக் கேஸ் போட்டார். எங்களுக்கோ போக இடமில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற வழக்கு மாதிரி ஒரு பாவப்பட்ட வழக்கு உலகத்தில் கிடையாது.

சித்திரையில் சமரசத்துக்கு வந்தோம். மனு அடிக்க நான் உட்கார்ந்தேன். எத்தனை மாசம் டயம் வேண்டும் என்று ஆவுடையப்பன் கேட்டார். வெள்ளத்தாயி, "வைகாசியில மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன் சார். ஆனியில மறுவீடு. அப்புறம் ஆடி வந்துரும்" என்றாள். அதற்கு அவர், "ஆடியில யாராச்சும் காலி பண்ணச் சொல்லுவாங்களாம்மா? ஆடி முடியட்டும், அப்புறம் சாவியைக் குடுங்க" என்றார். சுற்றி நின்ற வக்கீல்கள், குமாஸ்தா, எல்லோரும் சரிதானே என்று தலையாட்டினார்கள். நானும் 'ஆடி மாதம் முடிந்தவுடன் ஆறு வீடுகளையும் காலி செய்து ஒப்படைக்கிறோம்' என்று அடித்தேன், ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம், ஜட்ஜும் படித்துப் பார்த்து அப்படியே உத்தரவாக்கினார். ஆடி முடியாமலும் போகலாம் என்று அன்றைக்கு அந்தக் கோர்ட்டில் ஒரு ஆளுக்குக்கூடத் தோன்றவில்லை.

அந்த வருஷம் ஆடிக்கு முப்பத்தோரு நாள். முப்பத்தொன்றாம் தேதி எல்லோரும் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினோம், மறுநாள் காலையில் காலண்டர் தாளைக் கிழித்தால் ஆடி 32 என்று இருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்தோம். அதற்கு அடுத்த நாள் ஆடி 33, அதற்கு அடுத்த நாள் ஆடி 34. மேலே இங்கிலீஷ் தேதி பாட்டுக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, கீழே தமிழ் மாதம் மட்டும் அசையவில்லை. சந்து முனைக் குழாயடியைத் தாண்டிப் போய் டீக்கடையில் பார்த்தால், அதே அச்சகத்துக் காலண்டரில் ஆவணி மூன்று. குழாயடிக்கு அந்தப் பக்கம் வெயிலும் சாயங்கால மேகமுமாக ஆவணி நடந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் எங்கள் சந்தில் ஆடிக்காற்று சூசை வீட்டுத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது.

உத்தரவை நிறைவேற்றக் கோர்ட் அமீனா வந்தார். குழாயடியில் சைக்கிளை நிறுத்தி, ஒரு கால் அந்தப் பக்கமும் ஒரு கால் இந்தப் பக்கமுமாக நின்று, இரண்டு மாதத்தையும் உடம்பில் வாங்கிப் பார்த்தார். "ஆடிதான்" என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டார். "உத்தரவுல என்ன எழுதியிருக்கோ அதைத்தான் நான் செய்ய முடியும். தவிர, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு, ஆடியில ஒருத்தர் வீட்டு அடுப்பைத் தூக்கி வெளிய வச்ச பாவம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, வெள்ளத்தாயி கொடுத்த கூழை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

இதற்கெல்லாம் மனுஷன் எவ்வளவு சீக்கிரம் பழகிக்கொள்கிறான் என்பதைத்தான் நான் ஆச்சரியம் என்பேன், மாதம் நின்றதை அல்ல. ஆடி 50-க்குள் சாக்குகளை அவிழ்த்துப் பாத்திரங்களை அடுக்கிவிட்டோம். குழாயடிக்கு இந்தப் பக்கம் இருந்த ஜவுளிக்கடைக்காரர் ஆடித் தள்ளுபடிப் போர்டைக் கழற்ற முடியாமல் தள்ளுபடியிலேயே விற்று ஓய்ந்துபோனார். அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் கூழ் ஊற்றினார்கள். நகரத்தில் எந்தெந்த மூலையில் எவனெவனுக்குக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்ததோ அவனெல்லாம் தூக்குவாளியோடு வந்து வரிசையில் நின்றான். எங்கள் சந்து மண்ணை ஒரு கைப்பிடி முடிந்துகொண்டு போய்த் தங்கள் வீட்டு நிலைக்குள் வைத்தார்கள், அங்கெல்லாம் ஆவணி தன் பாட்டுக்கு முடிந்து புரட்டாசி பிறந்தது. சூசை ஆரம்பத்தில், "எங்களுக்கு ஏதுண்ணே ஆடியும் ஆவணியும்" என்று சிரித்தான். ஆடி 60-க்கு மேல் அவனே தினமும் என் வீட்டுக்கு வந்து, "இன்னைக்கும் அதேதானே?" என்று காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனான்.

தீபாவளி எங்களுக்கு வரவில்லை. பிள்ளைகள் பட்டாசைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு அந்தப் பக்கம் போய் வெடித்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பி வந்தார்கள். சந்துக்குள் இருந்த கல்யாண மண்டபம் பூட்டியே கிடந்தது, நிச்சயமான இரண்டு பெண்களின் கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஒன்று முறிந்தே போனது. எல்லாவற்றையும் விடக் கொடுமை வெள்ளத்தாயி வீட்டில் நடந்தது. தலை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்த மகளை அவளால் திருப்பி அனுப்ப முடியவில்லை.

சுகப்பிரியாவைக் கட்டிக்கொடுத்திருந்தது திருமங்கலத்தில். மாப்பிள்ளை காசிமாயன் லேத் பட்டறையில் வேலை பார்க்கிற தங்கமான பையன். அவன் அம்மா சீனியம்மாவோ சாஸ்திரம் என்றால் சாஸ்திரம், ஒரு நூல் இப்படி அப்படி நகரமாட்டாள். "ஆடியில போன பொண்ணை ஆடியில இருந்து எடுக்க மாட்டோம். உங்க வீட்டுல ஆடி முடியட்டும், வந்து கூட்டிக்கிறோம்" என்று சொல்லிவிட்டாள். மகன் இந்தப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது என்று சத்தியமும் வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் அவன் குழாயடிக்கு அந்தப் பக்கம் கார்த்திகைத் தூறலில் நனைந்துகொண்டு நிற்பான், இவள் இந்தப் பக்கம் ஆடிக்காற்றில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பாள், நடுவில் ஒரு முழம்தான் தூரம். "சாப்பிட்டீங்களா?" "ம்." "மெலிஞ்சுட்டீங்க." "நீ மட்டும் என்ன." அவ்வளவுதான் பேசுவார்கள். தண்ணீர் பிடிக்கப் போகிற பெண்கள் குடத்தை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

மார்கழி பிறந்ததும் சீனியம்மாவிடமிருந்து சொல் வந்தது. தை பிறந்து பத்து நாளைக்குள் பெண் வராவிட்டால் வேறு பெண் பார்ப்பதாக முடிவு. வெள்ளத்தாயி அதைக் கேட்டு அழவில்லை. அன்றிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

அந்தக் கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கையில்தான் வாடகைச் சட்டத்தைத் திருத்த அரசாங்கம் போட்ட குழு எங்கள் சந்துக்கு வந்தது. ஆள் உட்கார இடம் வேண்டுமென்று பூட்டிக்கிடந்த கல்யாண மண்டபத்தைத் திறந்தார்கள். மாப்பிள்ளை பெண் உட்காரும் மேடையில் ரிட்டயர்டு ஜட்ஜ் ஒருவர் தலைவராக உட்கார்ந்தார். இடது பக்கம் வீட்டு உரிமையாளர் சங்கம், வலது பக்கம் குடியிருப்போர் சங்கம், சம்பந்திகள் மாதிரி முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கையெழுத்தான ஒப்பந்தம் முடிந்த தேதியில் காலி பண்ணியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மடங்கு வாடகை, அதுதான் சட்டமாக வேண்டும் என்றது இடது பக்கம். ஒப்பந்தமே எழுதித்தராத வீட்டுக்காரனை என்ன செய்வீர்கள், வயசானவர்களை, நோயாளிகளைத் தேதி பார்த்தா தெருவில் தள்ளுவீர்கள் என்றது வலது பக்கம். சங்கத் தலைவர் ஒருவர் மைக்கைப் பிடுங்கி, "ஆடியைச் சட்டத்தில் சேருங்கள், மாநிலம் முழுவதும் ஆடி வேண்டும்" என்று முழங்கினார், கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நானும்தான் தட்டினேன்.

ஆவுடையப்பன் எழுந்தார். அவர் எழுந்ததும் எங்கள் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். "நானும் வாடகை வீட்டுலதான்யா இருக்கேன்" என்றார். "என் வீட்டுக்காரன் என்னை ஐப்பசியில காலி பண்ணச் சொல்லிட்டான். எனக்கு மட்டும் ஆடி நிக்கலையே. அவளைத் தூக்கிக்கிட்டு மச்சினன் வீட்டு கார் ஷெட்டுல கிடக்கேன். எனக்குச் சொந்தமா ஆறு வீடு இருக்கு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கூச்சல் போட்ட நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் ஜட்ஜ் வெள்ளத்தாயியைக் கூப்பிட்டு, சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் அம்மா என்று கேட்டார். அவள் மைக்கைத் தொடவே இல்லை. "எனக்குச் சட்டமெல்லாம் தெரியாதுங்கய்யா. காலி பண்ணுன்னு எழுதுறப்ப, எங்க போறதுன்னும் அதுலயே ஒரு வரி சேத்து எழுதச் சொல்லுங்க" என்றாள். குழுவின் குமாஸ்தா பேனாவை எடுத்தார், ஜட்ஜ் முகத்தைப் பார்த்தார், மூடி வைத்தார். பிற்பாடு முந்நூறு பக்கத்துக்கு அறிக்கை வந்தது, நான் வாங்கி வரிக்கு வரி படித்தேன். அந்த வரி அதில் இல்லை.

கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் வெள்ளத்தாயி சாமான் கட்ட ஆரம்பித்தாள். ஆடி 190. தை பிறந்து ஒன்பது நாள். விஷயம் தெரிந்து ஆறு வீட்டு ஆட்களும் அவள் வாசலில் கூடினோம். நான்தான் அதிகம் கத்தினேன், எனக்கு வாய் நீளம். "ஒருத்தி ஆடியில சாவியைக் குடுத்தா இந்த ஆடி நிக்குமா? உன் மகளுக்காக ஆறு குடும்பத்தையும் நடுத்தெருவுல விடப்போறியா? கொஞ்சமாச்சும் மனசாட்சி வேண்டாம்?" என்றேன்.

அவள் சாக்கு வாயைக் கட்டிக்கொண்டே, "எழுதினது நீங்கதாண்ணே" என்றாள்.

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆடியில் சாமான் ஏற்ற எந்த வண்டியும் வரவில்லை, எந்தக் கூலியாளும் வரவில்லை, அக்கம்பக்கத்தில் ஒரு கை நீளவில்லை. மகளை வாசற்படியில் நிற்க வைத்து, "நான் சொல்ற வரைக்கும் இந்த இடத்தை விட்டு அசையாதே" என்று சொல்லிவிட்டு, அவளே ஒவ்வொன்றாகத் தலையில் தூக்கிக் குழாயடிக்குக் கொண்டு போனாள். அண்டாவை, டிரங்குப் பெட்டியை, கிரைண்டர் கல்லை, புருஷன் போட்டோவை, எல்லாவற்றையும் குழாயடிக்கு இந்தப் பக்கமே இறக்கி வைத்தாள். பிறகு கார் ஷெட்டிலிருந்து வந்து ஓரமாக நின்ற ஆவுடையப்பனிடம் சாவியை நீட்டினாள். ஆடியில் சாவி வாங்க அவருக்குக் கை வரவில்லை. அவர் துண்டை ஏந்தினார், அதில் போட்டாள். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குழாயடியைத் தாண்டினாள்.

அவள் தாண்டினதும் காற்று நின்றது. நூற்றுத்தொண்ணூறு நாள் காதுக்குள் கேட்ட இரைச்சல் நின்று, எங்களுக்குக் காது அடைத்தது. பிறகு வந்து சேராத மாதங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்துக்குள் நுழைந்தன. ஆவணி வந்து பூட்டிய மண்டபத்துக்குள் மேளம் கொட்டிவிட்டுப் போனது, புரட்டாசி வெயில் கொளுத்திவிட்டுப் போனது, ஐப்பசி மழை கணுக்கால் தண்ணீரில் சந்தை முக்கிவிட்டுப் போனது, யாரும் ஏற்றாத அகல்கள் கார்த்திகைக்காக வாசல்தோறும் எரிந்து அணைந்தன, மார்கழிப் பனி ஒரு மூச்சு நேரம் கண்ணை மறைத்தது, பனி விலகியபோது தை மாத வெயில் பளிச்சென்று விழுந்திருந்தது. எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் இருக்கும். சுகப்பிரியா படியில் நனைந்து உலர்ந்து நின்றாள். "இப்ப வா" என்று வெள்ளத்தாயி அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள், தை மாதத்து வீட்டிலிருந்து தை மாதத்து மகள் இறங்கி நடந்து போய், சொல்லியனுப்பி அந்தப் பக்கம் வந்து நின்ற புருஷனோடு பஸ் ஏறினாள்.

தெருவில் இலை அசையவில்லை. டிரங்குப் பெட்டியோடு நின்ற வெள்ளத்தாயியின் சேலை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆடி அவளோடு போய்விட்டது. தெரிந்துதான் செய்தாளா என்று இன்று வரைக்கும் நான் அவளைக் கேட்டதில்லை.

நாங்கள் ஐந்து குடும்பமும் அந்த வாரத்திலேயே காலி பண்ணினோம். ஆவுடையப்பன் பால் காய்ச்சினார், சம்சாரத்தைத் தரைத்தளத்தில் கிடத்தினார். நான் ஊருக்கு வெளியே பதினொரு மாச அக்ரிமெண்டில் ஒரு வீடு பிடித்தேன், அதையும் நானே அடித்தேன், இங்கிலீஷ் தேதி போட்டு. வெள்ளத்தாயிக்கு மட்டும் வீடு கிடைக்கவில்லை. எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் அவள் நிலைப்படி ஏறியதும் ஜன்னல்கள் அடித்துக்கொள்ளும், சுவரில் தொங்குகிற காலண்டர் ஆடி 230 என்றோ 260 என்றோ மாறிவிடும். ஆடியில் புதுசாக யாரும் குடி வைப்பார்களா? "ஆடி போகட்டும்மா, அப்புறம் பாப்போம்" என்று எல்லோரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். சாமான்கள் சூசை குடிபோன வீட்டு மாடிப்படிக்கடியில் கிடந்தன, அவள் ஆஸ்பத்திரியில் ஆயாக்கள் உடை மாற்றும் அறையில் படுத்துக்கொண்டாள். மறுவருஷத்து ஆடி வந்தபோது ஒரு மாசம் ஊரும் அவளும் ஒரே மாதத்தில் இருந்தார்கள், ஆவணி பிறந்ததும் ஊர் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அந்த ஆவணியில் சுகப்பிரியாவுக்கு ஏழாம் மாசம், வளைகாப்பு. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். வீடு ஏது? வெள்ளத்தாயி கண்ணாடி வளையலும் அஞ்சுவகைச் சோறும் எடுத்துக்கொண்டு திருமங்கலம் போய்த் தெருவிலேயே நின்றாள். உள்ளே போனால் நல்ல காரியம் கெட்டுப்போகும் என்று அவளுக்குத் தெரியும். சீனியம்மா வாசலில் வந்து, "ஆடி முடியட்டும் சம்மந்தி, அப்புறம் உள்ள வாங்க" என்றாள். மணையிலிருந்து சுகப்பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள், அம்மா கையைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டு போனாள். தோரணம் பிய்த்துக்கொண்டு பறந்தது. வந்திருந்த சனம் சாப்பிடாமல் எழுந்து போனது. சீனியம்மா தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் வெளியே போ என்று சொல்ல அவளால் முடியவில்லை. ஆடியில் ஒருத்தரை வீட்டை விட்டு அனுப்பக் கூடாது, அதுவும் சாஸ்திரம்தானே.

இரண்டு மாசம் அந்த வீட்டில் இரண்டு சம்மந்திகளும் முகம் பார்த்துப் பேசவில்லை. ஒருத்தி அடுப்படியில் என்றால் ஒருத்தி கொல்லையில். ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அஞ்சாம் நாள் நான் பிள்ளையைப் பார்க்கப் போனேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் பூரா வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு போனேன், உள்ளே நுழைந்ததும் என் கண் காலண்டருக்குத்தான் போயிற்று. காற்று இல்லை. வெளியே எப்படி மழை பெய்ததோ அப்படியே அந்த வீட்டு முற்றத்திலும் பெய்தது. காலண்டரில் ஐப்பசி பத்தொன்பது.

வெள்ளத்தாயி அதைப் பார்த்துவிட்டுத் தன் டிரங்குப் பெட்டியில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே கிளம்பிப் போக அவளுக்குப் பழகியிருந்தது. பேத்தியின் உள்ளங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஆடி முடிஞ்சிருச்சு சம்மந்தி. நான் கிளம்புறேன்" என்றாள்.

சீனியம்மா அடுப்படியிலிருந்து பத்தியக் கரண்டியோடு வெளியே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் அதுவரை பார்த்ததில்லை. "பச்சை உடம்புக்காரியைப் போட்டுட்டு எங்க கிளம்புறீங்க? யாரு போகச் சொன்னா உங்களை? நான் சொன்னேனா? என் வாயில அப்படி ஒரு சொல்லு வந்துச்சா?" என்று கத்திவிட்டு, பெட்டியைப் பிடுங்கிக் கட்டிலுக்கடியில் காலால் தள்ளினாள். "இருங்க பேசாம."

வெள்ளத்தாயி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கோர்ட்டில் அழாதவள், குழாயடியில் அழாதவள், வாயைப் பொத்திக்கொண்டு அப்படி அழுதாள். பிள்ளை விழித்துக்கொள்ளப்போகிறது என்று நான் பக்கத்தில் போய், "என்ன தாயீ, என்ன" என்றேன்.

"இருபத்தேழு வருஷமாச்சுண்ணே. ஒருத்தர் வாயில இருந்து இந்த ஒரு சொல்லு வராதான்னு இருந்தேன்" என்றாள்.